பிள்ளையின் மனநல வைத்தியம்: முடிவில் யார் யாருக்குப் பங்கு?

 

கிணற்றை ஆழப்படுத்துவதா, போர் போடுவதா என்று வீட்டில் நாலு நாள் பேசுகிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், விவரம் தெரிந்த ஒருவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறோம். ஆனால் பெற்ற பிள்ளைக்கு மனதில் ஒரு நோய் கண்டால் என்ன நடக்கிறது? வீட்டில் யாராவது ஒருவர் முடிவெடுத்து விடுகிறார். மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நோயைச் சுமக்கிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதே இல்லை.

மனநோய்க்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. அந்த வைத்தியத்தைத் தேர்ந்தெடுப்பதில் டாக்டர், தாய், தகப்பன், பிள்ளை ஆகிய நால்வருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு என்ன, அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

பிள்ளைகளுக்கும் மனநோய் வருமா?

வரும். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மனநோய்களில் சுமார் பாதி 18 வயதுக்குள்ளாகவே தொடங்கி விடுகின்றன. இது பெற்றவர் செய்த பாவமும் அல்ல, வளர்த்த வளர்ப்பின் குற்றமும் அல்ல.

கீழ்க்கண்டவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனியுங்கள்:

- தூக்கம் கெடுதல், சோறு செல்லாமை
- நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்குதல், பள்ளிக்கூடம் போக மறுத்தல்
- யாரோடும் சேராமல் மூலையில் முடங்குதல், காரணமின்றி அழுதல், எரிந்து விழுதல்
- காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி அடிக்கடி வருதல்
- இல்லாத குரல் காதில் கேட்பதாகச் சொல்லுதல், எல்லோர் மேலும் சந்தேகம் கொள்ளுதல்
- "செத்துப் போனால் தேவலை" என்று பேசுதல்

கடைசி இரண்டும் ஒரு நாள் கண்டாலும் போதும். இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

ஒரு வீட்டில் நடப்பதைப் பாருங்கள்

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. அப்பத்தா "காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுக் கயிறு கட்டணும்" என்கிறாள். தகப்பன் "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார். தாய் யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கி வருகிறாள். "இது சத்து மாத்திரைடி, போட்டுக்கோ" என்று பிள்ளையிடம் கொடுக்கிறாள்.

மூன்று வாரம் ஆகிறது. குணம் தெரியவில்லை. "இங்கிலீஷ் மருந்து கேக்கல" என்று வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். மாட்டுக் கொட்டகையைக் கூட்டும்போதுதான் விஷயம் தெரிகிறது. வைக்கோலுக்குப் பின்னால் கிடக்கின்றன மாத்திரைகள்!

மருந்து கேட்கவில்லையா? இல்லை, மருந்து வயிற்றுக்குள் போகவே இல்லை. முதல் நாள் மாத்திரை போட்டதும் குமட்டல் வந்தது. "இது எனக்கு எதுக்கு?" என்று கேட்டால் அம்மா மழுப்பினாள். "என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று பிள்ளை பயந்து தூக்கி எறிந்துவிட்டாள்.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் பிள்ளை மேல் பாசம். ஆனால் நாலு பேர் நாலு திசையில் இழுத்தார்கள். மூன்று மாதம் வீணாயிற்று. பரீட்சை நெருங்கி விட்டது. பிள்ளையின் நம்பிக்கையும் போயிற்று.

ஒன்றை இங்கேயே சொல்லி விடுகிறோம். கல்யாணம் மனநோய்க்கு மருந்து அல்ல. 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கோயிலுக்குப் போவதும் கயிறு கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. அதைக் கையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள். ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, சூடு வைப்பது, கட்டிப் போடுவது வைத்தியம் ஆகாது.

நால்வர் பங்கு என்ன?

டாக்டருக்கு நோயைப் பற்றித் தெரியும். எந்த மருந்துக்கு எவ்வளவு பலன், எந்தப் பக்கவிளைவு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டு நிலை அவருக்குத் தெரியாது.

தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளையின் குணம் தெரியும். எப்போது மாறியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, மாதம் எத்தனை தடவை பஸ் ஏறி வர முடியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளைக்குத் தன் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியும். மாத்திரை போட்டால் உடம்பு என்ன செய்கிறது என்பதும் தெரியும். மாத்திரையை முழுங்கப் போவதும் பிள்ளைதான்.

நால்வரும் தெரிந்ததைப் பேசினால்தான் வைத்தியம் நடக்கும். ஒருவர் வாய் மூடினாலும் வண்டி ஒரு சக்கரத்தில் ஓடுகிற கதைதான்.

எந்த வயதுப் பிள்ளையை எப்படிக் கேட்பது?

சட்டப்படி 18 வயது வரை தாய், தகப்பன் அல்லது சட்டபூர்வமான காப்பாளர்தான் சம்மதம் தர வேண்டும். அதற்காகப் பிள்ளையைக் கேட்கவே வேண்டாம் என்று பொருள் அல்ல. பிள்ளை தன் கருத்தைச் சொல்லவும் அது மதிக்கப்படவும் உரிமை உண்டு என்கிறது 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை. இந்தியா 1992-இல் அதை ஏற்றது.

6 வயதுக்குக் கீழே: முடிவு உங்களுடையது. ஆனால் பொய் சொல்லாதீர்கள். "கடைக்குப் போறோம்" என்று ஏமாற்றி அழைத்து வராதீர்கள். "டாக்டரைப் பாக்கப் போறோம், ஊசி கிடையாது, பேசுவாங்க, விளையாடச் சொல்லுவாங்க" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

6 முதல் 12 வரை: எளிய வார்த்தையில் நோயைச் சொல்லுங்கள். சின்னச் சின்ன முடிவுகளைப் பிள்ளையிடம் விடுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பது டாக்டர் சொல்வது. தண்ணீரோடா மோரோடா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பிள்ளை சொல்லட்டும். பள்ளியில் எந்த டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்பதையும் பிள்ளையே சொல்லட்டும்.

13 முதல் 17 வரை: பெரிய பேச்சில் உட்கார வையுங்கள். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் "உனக்கு இதில் சம்மதமா? என்ன பயம்?" என்று கேளுங்கள். 18 ஆனதும் கையெழுத்து அவர்களுடையது. அந்த நாளுக்கு இப்போதே பழக்குங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

"டாக்டர் ஐயாவை எதிர்த்துக் கேட்கலாமா?" என்று கூச்சப்படாதீர்கள். கேட்பது எதிர்ப்பு அல்ல. நோய் என்ன, என்ன வைத்தியம், பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்வது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. இந்த ஏழு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

1. என் பிள்ளைக்கு என்ன நோய்?
2. இதற்கு எத்தனை வழி வைத்தியம் உண்டு?
3. ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, தொந்தரவு என்ன?
4. எத்தனை நாளில் குணம் தெரியும்? எத்தனை மாதம் தொடர வேண்டும்?
5. இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்று பொறுத்தால் என்ன ஆகும்?
6. எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடி வர வேண்டும்?
7. அடுத்த முறை எந்தத் தேதியில் பார்த்து, தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்வோம்?

வழிகள் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பதற்குச் சில உதாரணங்கள்:

மனச்சோர்வு லேசாக இருந்தால் பேச்சு வழி ஆலோசனையே முதலில் போதும். கடுமையாக இருந்தால் ஆலோசனையோடு மாத்திரையும் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தருவது ஃப்ளூவாக்ஸெட்டின். இது காய்ச்சல் மாத்திரை மாதிரி அன்றே வேலை செய்யாது. குணம் தெரிய 2 முதல் 4 வாரமும், முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் நாட்களில் குமட்டல், தூக்கக் கோளாறு வரலாம். சில பிள்ளைகளுக்குப் படபடப்பும் சாகும் எண்ணமும் ஆரம்ப வாரங்களில் கூடலாம். எனவே அப்போது கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். குணமான பிறகும் சுமார் 6 மாதம் தொடரச் சொல்வார்கள். அந்தப் பெண் பிள்ளைக்கு "குமட்டல் நாலு நாளில் தணியும், சாப்பிட்ட பிறகு போட்டுக்கோ" என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் மாத்திரை வைக்கோலுக்குப் போயிருக்காது!

அளவு கடந்த துறுதுறுப்பு, கவனக் குறைவு நோய் உள்ள பிள்ளைக்கு, 6 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குப் பயிற்சி தருவதே முதல் வைத்தியம். பெரிய பிள்ளைக்கு மெதில்ஃபெனிடேட் தரலாம். பசி குறையலாம், தூக்கம் கெடலாம். எடையையும் உயரத்தையும் அளந்து வர வேண்டும். பள்ளி விடுமுறையில் நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

குரல் கேட்கும் நோய்க்குத் தரும் சில மருந்துகளால் எடை கூடும், தூக்கம் வரும். "மருந்தை மாற்ற முடியுமா, ராத்திரி மட்டும் தர முடியுமா?" என்று கேட்கலாம்.

வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு சோடியம் வால்ப்ரோயேட் எழுதியிருந்தால் கட்டாயம் கேளுங்கள். அது கருவில் வளரும் சிசுவைப் பாதிக்கக் கூடியது. வேறு மருந்து உண்டா என்று டாக்டர் சொல்வார். ஆனால் நீங்களாக ஒரே நாளில் எதையும் நிறுத்தி விடாதீர்கள்.

கணவன் ஒன்று சொல்ல, மனைவி ஒன்று சொன்னால்?

இது எல்லா வீட்டிலும் வருவதுதான். கிராம சுகாதார நர்ஸ் ஒருவர் முன்னால் ஒரு தம்பதி பேசுவதைக் கேளுங்கள்.

மனைவி: என்னங்க, மாத்திரை குடுத்தாத்தான் புள்ள தேறும்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க வேண்டாம்னு ஒத்தக்காலுல நிக்கிறீங்களே!

கணவர்: மாத்திரைக்குப் பழகிட்டா ஆயுசு முழுக்க விட முடியாதுன்னு சொல்றாங்கம்மா. நாளைக்கு அவன் வாழ்க்கை என்ன ஆறது?

நர்ஸ்: ஐயா, உங்க பயம் நியாயமான பயம்தான். அதை டாக்டர்கிட்ட நேரா கேட்டீங்களா?

கணவர்: நான் எங்க போனேன்? எப்பவும் இவதானே கூட்டிட்டுப் போறா.

நர்ஸ்: அதுதான் குறை. அடுத்த தடவை ரெண்டு பேரும் போங்க, பையனையும் பக்கத்துல உக்கார வைங்க. இந்த மாத்திரைக்கு அடிமை ஆகிறது கிடையாது. ஆனா நிறுத்தும்போது டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஆறு வாரம் குடுத்துப் பாப்போம், அப்புறம் உக்காந்து பேசுவோம்னு ஒரு தேதி வெச்சுக்குங்க.

பார்த்தீர்களா? "வேண்டும், வேண்டாம்" என்ற சண்டை, "இத்தனை வாரம் பார்ப்போம், பிறகு பேசுவோம்" என்ற ஏற்பாடாக மாறிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுத் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம், மாத்திரை நான்கையும் தினம் குறித்து வையுங்கள். தேதி வந்ததும் அந்த நோட்டே பேசும்.

பிள்ளையின் எதிரில் வைத்தியத்தைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். "என்னாலதான் வீட்ல சண்டை" என்ற எண்ணம் பிள்ளையின் நோயைக் கூட்டும்.

பிள்ளையே "வேண்டாம்" என்றால்?

முதலில் "ஏன்?" என்று கேளுங்கள். கசப்பா, குமட்டலா, தூக்கமா, பள்ளியில் கேலி செய்வார்கள் என்ற பயமா? காரணம் தெரிந்தால் பாதிக்கு மேல் தீர்வு உண்டு. மாத்திரைக்குப் பதில் திரவ மருந்து, வேளை மாற்றம், வேறு மருந்து, முதலில் ஆலோசனை மட்டும் என்று டாக்டர் வழி சொல்வார்.

சோற்றிலோ காபியிலோ பிள்ளைக்குத் தெரியாமல் மருந்தைக் கலக்காதீர்கள். ஒரு நாள் தெரியத்தான் போகிறது. பிறகு நீங்கள் கொடுக்கும் சோற்றையே பிள்ளை நம்பாது. மருந்தை ஒளித்துத் தருவதற்குப் பதில் சிக்கலை டாக்டரிடம் திறந்து சொல்லுங்கள்.

டாக்டர் பிள்ளையிடம் தனியே பேசினால்?

கோபப்படாதீர்கள். "பெத்தவங்களுக்குத் தெரியாம என்ன பேச்சு?" என்று வருத்தப்படவும் வேண்டாம். பெற்றவர் மனம் நோகும் என்று வீட்டில் சொல்லாததைப் பிள்ளை அங்கே சொல்லும். எல்லாவற்றையும் டாக்டர் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார். ஆனால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே தீருவார். பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னால்?

2017-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிக் காவல் வைத்திருக்கிறது. தெரிந்துகொள்ளுங்கள்:

- காப்பாளர் விண்ணப்பம் தர வேண்டும். மனநல டாக்டர் உட்பட இருவர் தனித்தனியே பிள்ளையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.
- வெளியே இருந்தபடி வைத்தியம் பார்க்க வழியில்லை என்றால்தான் சேர்க்கலாம். பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.
- பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. காப்பாளரோ அவர் நியமிப்பவரோ கூடவே இருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குக் காப்பாளர் ஆண் என்றால், துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும்.
- சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளுக்கு மேல் நீடித்தால் மறுபடியும் தெரிவிக்க வேண்டும்.
- காப்பாளர் வேண்டாம் என்று கேட்டால் பிள்ளையை அனுப்ப வேண்டும். ஆனால் கோபத்தில் கேட்காதீர்கள். டாக்டரிடம் காரணம் கேட்டு, கலந்து பேசிக் கேளுங்கள்.
- பிள்ளைகளுக்கு மின் அதிர்வு வைத்தியம் கூடாது. டாக்டர் அவசியம் என்று கருதினாலும், காப்பாளர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவது குற்றம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்கலாகாது.

எப்போது பேச்சுக்கு நேரமில்லை?

பிள்ளை சாகப் போவதாகச் சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக் கொண்டாலோ, நிலை தெரியாமல் நடந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் பூட்டி, சாவியை நீங்கள் வைத்திருங்கள். மாத்திரைகளும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாறாக, சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்று பிள்ளையின் பாரம் குறையும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் கிராம சுகாதார நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். போனில் கேட்க வேண்டுமானால் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசுவார்கள். 104 என்ற எண்ணிலும் யோசனை கேட்கலாம். பிள்ளைக்கு ஆபத்து அல்லது கொடுமை என்றால் 1098.

மனதில் வையுங்கள்

- தாயும் தகப்பனும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவோம்.
- பிள்ளையிடம் உள்ளதைச் சொல்வோம், உள்ளதைக் கேட்போம்.
- டாக்டரிடம் ஏழு கேள்விகளையும் கேட்போம்.
- தேதி குறித்து வைத்தியத்தைப் பார்ப்போம். நாமாக நிறுத்த மாட்டோம்.
- மறைக்க மாட்டோம், அடிக்க மாட்டோம், கட்டிப் போட மாட்டோம்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவனும் மனைவியும் பத்து நிமிஷம் உட்கார்ந்து இதைச் சேர்ந்து படியுங்கள். படித்த பிறகு பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்த்துக் கலங்கி நிற்பவர் அங்கேயும் இருக்கலாம்.